சிவப்புப் பென்சிலும் இரண்டு சாட்சிகளும்
உகைர் மாநாட்டுக் கதை குறித்து ஒரு திறனாய்வு

அரபு நாடுகளின் எல்லைகளைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகளிலும் ஆற்றப்படும் உரைகளிலும் தவறாது இடம்பெறும் காட்சி ஒன்றுண்டு. பாலைவனக் கூடாரத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் சிவப்புப் பென்சிலைக் கையிலெடுக்கிறார். வரைபடத்தின் மீது கோடு ஒன்றை இழுக்கிறார். அரபு மன்னர் கண்ணீர் வடிக்கிறார். மூன்று நாடுகளின் எல்லைகள் அத்துடன் முடிவாகிவிடுகின்றன. நாமும் இக்காட்சியை வகுப்பறையிலும் மேடையிலும் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தபோது, அதன் வேர் இந்தப் பென்சில் கோட்டிலேயே இருக்கிறது என்று பலரும் கூறினர், நாமும் கூறினோம்.

ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டதும் முதலில் அதன் இஸ்னாதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை வினவுவர். சொன்னவர் யார், அவர் நேரில் கண்டவரா, எத்தனை காலத்துக்குப் பின் சொன்னார், அவருடன் இருந்த வேறொருவர் அதனை எவ்வாறு கூறுகிறார் என்பன அவர்கள் தொடுக்கும் வினாக்கள். வரலாற்றுச் செய்திகளுக்கு இவ்வினாக்கள் வேண்டியதில்லை என்று நாம் எவ்வாறோ பழகிவிட்டோம். உகைர் மாநாட்டுக் கதையை அம்முறையில் ஒருமுறை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாநாட்டின் பின்னணி

உகைர் என்பது அரேபியாவின் கிழக்குக் கடற்கரையில், அல்-அஹ்ஸா பகுதியில் அமைந்த சிறு துறைமுகம். 1922 நவம்பர் இறுதியில் அங்குக் கூடிய மாநாடு டிசம்பர் 2 அன்று உடன்படிக்கைகளுடன் நிறைவுற்றது. நஜ்தின் சுல்தான் அப்துல் அஸீஸ் இப்னு ஸுஊத் நேரில் வந்திருந்தார். மன்னர் ஃபைஸலின் இராக்கிய அரசின் சார்பில் அமைச்சர் ஸபீஹ் பேக் வந்தார். குவைத்தின் ஆட்சியாளர் ஷைகு அஹ்மத் அல்-ஜாபிர் அஸ்-ஸபாஹ் வரவில்லை. அவருக்காக அமர்ந்தவர், குவைத்தில் பிரிட்டிஷ் அரசின் அரசியல் முகவராக இருந்த மேஜர் மோர். சமரசம் செய்துவைக்க வந்தவர் சர் பெர்சி காக்ஸ்.

சண்டையின் காரணமும் தெளிவானது. 1920 அக்டோபர் 10 அன்று ஃபைஸல் அத்-துவைஷ் தலைமையில் நஜ்தின் இக்வான் படையினர் குவைத்தை அடுத்த ஜஹ்ராவைத் தாக்கினர். 1921 இறுதியில் ஹாயில் நகரம் இப்னு ஸுஊதின் கைக்கு வந்தபின் நஜ்தின் செல்வாக்கு இராக்கின் வாயில்வரை எட்டியது. 1922 மார்ச்சில் இக்வான்கள் இராக்கின் தென்பகுதியிலும் புகுந்து தாக்கினர். அதனைத் தொடர்ந்து 1922 மே 5 அன்று முஹம்மராவில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இப்னு ஸுஊத் அதனை ஏற்க மறுத்தார். உகைர் மாநாடு அந்த மறுப்பின் விளைவு.

டிக்ஸன் வரைந்த சித்திரம்

பென்சில் காட்சியை உலகுக்கு வழங்கியவர் ஹெச். ஆர். பி. டிக்ஸன். பெய்ரூத்தில் 1881 இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அரபு மொழியில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். உகைரில் காக்ஸுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1929 முதல் 1936 வரை குவைத்தில் அரசியல் முகவராக இருந்து, பின்னர் எண்ணெய் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதியாகி, 1959 இல் குவைத்திலேயே மறைந்தார். குவைத்தையும் அதன் அண்டை நாடுகளையும் பற்றிய அவருடைய பெருநூல் 1956 இல் வெளிவந்தது. அஃதாவது, நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்.

அவர் கூறுவதன் சுருக்கம் இது. இராக்கியப் பிரதிநிதி தம் நாட்டின் எல்லை ரியாத்துக்குச் சில மைல் தொலைவுவரை வருவதாக வாதிட்டார். இப்னு ஸுஊதோ நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் காலந்தொட்டு நஜ்தின் நிலம் ஹலப்வரையும் பஸராவரையும் நீண்டிருந்ததாகப் பதிலுரைத்தார். ஐந்து நாள்கள் இவ்வாறே கழிந்தன. ஆறாம் நாள் காக்ஸ் பொறுமையிழந்தார். தாமும் டிக்ஸனும் இப்னு ஸுஊதும் மட்டுமே இருந்த தனிச் சந்திப்பில், கோத்திரங்களை வைத்து எல்லை வகுக்க வேண்டும் என்ற சுல்தானின் கருத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று கடிந்தார். சுல்தான் குறும்புக்காரப் பள்ளி மாணவனைப்போல் நின்றார். காக்ஸே தமக்குத் தந்தையும் தாயும் என்றும், அவர் ஆணையிட்டால் தம் நாட்டில் பாதியை, ஏன் முழுவதையும் விட்டுத்தரத் தயார் என்றும் கூறினார். பின்னர் பொது அமர்வில் காக்ஸ் சிவப்புப் பென்சிலால் கோடு வரைந்தார். நஜ்து உரிமை கோரிய பெரும்பகுதி இராக்குக்குச் சென்றது. நஜ்தைச் சமாதானப்படுத்தக் குவைத்தின் மூன்றில் இரண்டு பங்கு நஜ்துக்குத் தரப்பட்டது. இரண்டு நடுநிலைப் பிரதேசங்களும் வரையப்பட்டன. அன்று மாலை இப்னு ஸுஊத் காக்ஸைத் தனியே கண்டு அழுதார். காக்ஸும் உடன் அழுதார்.

வாசிப்போர் நெஞ்சில் பதியும் சித்திரம் இது. அதனால்தான் அது நிலைத்தது. எனினும் அதனைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கும்போது வேறு செய்திகள் புலப்படுகின்றன.

மொழிபெயர்ப்பாளரின் செவி

முதற்கண் மொழியைக் கவனிப்போம். இப்னு ஸுஊத் பேசியது அரபியில். நமக்குக் கிடைப்பது ஆங்கிலத்தில். அவர் வாயினின்று வந்த அரபுச் சொற்களை டிக்ஸன் தரவில்லை. தந்தையும் தாயும் நீரே என்னும் தொடரை அவ்வாறே ஆங்கிலத்தில் பெயர்த்தால், பெற்றோர் முன் விம்மும் குழந்தையின் குரல் கேட்கும். அரபு மொழி மரபை அறிந்தோருக்கோ வேறொன்று கேட்கும். "பிஅபீ அன்த வ உம்மீ" என்னும் தொடர், என் தந்தையும் தாயும் உமக்கு அர்ப்பணமாகட்டும் என்று பொருள்படும் பண்டைய மரியாதை வழக்கு. நபித்தோழர்களின் உரையாடல்களில் அதனைப் பலவிடங்களில் காண்கிறோம். அதைச் சொன்னவர் தம்மைச் சிறுவனாக்கிக் கொண்டார் என்று எவரும் கருதியதில்லை. சுல்தான் இத்தொடரைத்தான் மொழிந்தார் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் உபசாரமும் மிகைமொழியும் செழித்த ஒரு பேச்சு மரபினுள் நின்று அவர் பேசினார் என்பதை மறந்துவிட்டு அந்த ஆங்கில வரிகளைப் படிக்கலாகாது. நம் ஊர்களிலும் வழக்குத் தீர்க்க வந்தவரிடம் "நீங்கள்தாம் எங்களுக்குத் தாய் தகப்பன்" என்று சொல்பவர், தம் வயலில் ஒரு சாணையும் விட்டுத்தரப் போவதில்லை என்பதை யாவரும் அறிவர்.

ரியாத்வரை, ஹலப்வரை என்னும் உரிமைக் கோரல்களும் இத்தகையனவே. சந்தையில் முதல் விலை கேட்பவர் அவ்விலைக்கு விற்பதில்லை; வாங்குபவரும் அதனை நம்புவதில்லை. டிக்ஸனின் எழுத்தில் இது அரபுகளின் அறியாமைபோல் ஒலிக்கிறது. அது பேரத்தின் முதற்படி என்றே நாம் கொள்கிறோம்.

கோத்திர எல்லை சிறுபிள்ளைத்தனமா?

டிக்ஸனின் சித்திரத்தில் மிகவும் பிழைபட்ட பகுதி இதுவே. எல்லையைக் கோத்திரங்களைக் கொண்டு வகுக்க வேண்டும் என்பது இப்னு ஸுஊதின் திடீர் விருப்பமன்று. ஏழு மாதங்களுக்கு முன் எழுதப்பட்ட முஹம்மரா உடன்படிக்கையின் அடிப்படையே அதுதான். முன்தஃபிக், ளஃபீர், அமாராத் ஆகிய கோத்திரங்கள் இராக்கைச் சார்ந்தவை என்றும், நஜ்தின் ஷம்மர்கள் நஜ்தைச் சார்ந்தவர்கள் என்றும் அது பிரித்தது. அக்கோத்திரங்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்திவந்த கிணறுகளையும் நிலங்களையும் ஒரு கூட்டுக் குழு ஆராய்ந்து, அதன்படி எல்லை வரையும் என்றும் அது கூறியது. அதில் இராக்குக்காகக் கையொப்பமிட்டவர் உகைருக்கு வந்த அதே ஸபீஹ் பேக். பிரிட்டிஷாரின் மேற்பார்வையில்தான் அது எழுதப்பட்டது. ளஃபீர் கோத்திரம் இராக்குக்குத் தரப்பட்டதை இப்னு ஸுஊத் ஒப்பவில்லை. கோத்திரத்தைக் கொண்டு வகுக்கும் முறையை அவர் மறுக்கவில்லை. மே மாதத்தில் உடன்படிக்கைக்கு அடிப்படையாக இருந்த கொள்கை டிசம்பரில் சிறுபிள்ளைத்தனமாக மாறியது எவ்வாறு? இவ்வினாவை டிக்ஸனின் வாசகர்களுள் பெரும்பாலோர் எழுப்புவதில்லை.

மேய்ச்சலை நம்பி வாழும் மக்களுக்கு நிலம் என்பது கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பன்று. கோடையில் எந்தக் கிணறு, மாரியில் எந்த மேய்ச்சல், எந்த ஊர்ச் சந்தை என்பனவே அவர்களுக்கு நிலம். பென்சில் கோடு இவற்றைக் குறுக்கே வெட்டியது. அதனை உடன்படிக்கை எழுதியவர்களே உணர்ந்திருந்தனர் என்பதற்கு உகைர் நெறிமுறையின் வாசகமே சான்று. பல கிணறுகள் இராக்கின் பக்கம் சென்றுவிட்டன என்பதை ஒப்புக்கொண்டு, நஜ்துக் கோத்திரங்கள் தங்களுக்கு அருகிலிருக்கும் அக்கிணறுகளை நாடினால் இராக் தடுக்காது என்று அது உறுதியளிக்கிறது. அதன் மூன்றாம் பிரிவு, எல்லையை ஒட்டிய நீர்நிலைகளிலும் கிணறுகளிலும் கோட்டை கட்டுதல் முதலான இராணுவப் பணிகளை இரு அரசுகளும் மேற்கொள்ளா என்று விதிக்கிறது. இரண்டு நடுநிலைப் பிரதேசங்களும் இதே எண்ணத்தின் பிள்ளைகள். கதையில் கடிந்து ஒதுக்கப்பட்ட கருத்து, உடன்படிக்கையின் உடலில் வேறு உருவில் உயிரோடிருந்தது.

பின்னர் நேர்ந்தவையும் இதனையே காட்டுகின்றன. 1927 இல் இராக்கிய அரசு புஸய்யா கிணறுகளருகே காவல் நிலையம் ஒன்றை எழுப்பலாயிற்று. அது கோட்டிலிருந்து பல பத்து மைல் உள்ளே இருக்கிறது என்றது ஒரு தரப்பு; மூன்றாம் பிரிவை மீறிய செயல் என்றது மறு தரப்பு. அவ்வாண்டு நவம்பரில் முதைர் கோத்திரத்தினர் அந்நிலையத்தைத் தாக்கிக் காவலரையும் பணியாளரையும் கொன்றனர். அதிலிருந்து பெருகிய பகை, 1929 மார்ச்சில் இப்னு ஸுஊதுக்கும் அவருடைய இக்வான் தலைவர்களுக்கும் இடையே ஸபிலா போராக முடிந்தது. டிக்ஸன் நேர்மையானவர் என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். நஜ்துக்கும் இராக்குக்கும் இடையே மேற்கத்திய பாணியில் எல்லை வகுத்தது பெரும் பிழை என்று அவரே தம் நூலில் ஒப்புக்கொள்கிறார். அவ்வாறாயின், கூடாரத்தில் கடிந்துகொள்ளப்பட்டவர் கூறியதில் நியாயம் இருந்தது என்றல்லவா முடிவு செய்ய வேண்டும்? அந்த முடிவை மட்டும் அவர் எழுதவில்லை.

பேசாத பிரதிநிதி

அடுத்து, குவைத்தின் நிலை. ஃபிக்ஹு நூல்கள் சமரசத்தையும் நடுவர் தீர்ப்பையும் வேறுபடுத்துகின்றன. தஹ்கீம் எனப்படும் நடுவர் தீர்ப்பில் இரு தரப்பினரும் மனமொப்பி நடுவரைத் தேர்ந்திருக்க வேண்டும். தீர்ப்பு வழங்கப்படுமுன் எத்தரப்பினரும் அவரை விலக்கிக்கொள்ளலாம் என்று, 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டநூலும் கூறுகிறது. தீர்ப்பளிப்பவர் வழக்காளிகளுள் ஒருவராக இருத்தலாகாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

காக்ஸின் நிலையை இவ்வளவையில் வைத்துப் பார்ப்போம். அவர் இராக்கில் பிரிட்டனின் உயர் ஆணையர். இராக் பிரிட்டனின் பொறுப்பாட்சிக்கு உட்பட்ட நாடு. இப்னு ஸுஊதுடன் 1915 டிசம்பர் 26 அன்று உடன்படிக்கை செய்தவரும் அவரே. அந்நாளில் நஜ்து பிரிட்டனின் மானியத்தைப் பெற்றுவந்தது. குவைத்தோ 1899 ஜனவரி 23 அன்று செய்த ஒப்பந்தத்தால் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது. ஒருவருக்கு ஆணையர், ஒருவருக்கு மானியமளிப்பவர், ஒருவருக்குக் காப்பாளர். அவரை விலக்கிக்கொள்ளும் ஆற்றல் மூவரில் எவருக்கும் இல்லை. எனவே அவரை வஸீத் என்றோ ஹகம் என்றோ அழைப்பது சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

1899 ஒப்பந்தத்தின்படி குவைத் ஆட்சியாளர் பிரிட்டனின் முன்னிசைவின்றித் தம் நிலத்தின் எப்பகுதியையும் பிறர்க்கு அளிக்கவோ விற்கவோ கூடாது. ஆனால் 1922 இல் அவருடைய இசைவைக் கேளாமலே அவர் உரிமை கோரிய நிலத்தின் பெரும்பகுதியைப் பிரிட்டன் பிறர்க்கு அளித்தது. அவ்வமர்வில் அவருடைய வகீலாக இருந்தவர், அளித்தவரின் கீழ்ப் பணியாற்றிய அதிகாரி. மாநாடு முழுவதும் மோர் வாய்திறக்கவில்லை என்று டிக்ஸன் எழுதுகிறார். மௌனியாக இருப்பவன் மீது எச்சொல்லையும் ஏற்றுதல் கூடாது. ஆயினும் பேசவேண்டிய இடத்தில் காக்கும் மௌனம் பேச்சாகவே கொள்ளப்படும் என்பது மஜல்லாவில் இடம்பெற்ற சட்ட மூதுரை. அதன் முற்பகுதி ஷைகு அஹ்மதுக்கும், பிற்பகுதி மேஜர் மோருக்கும் பொருந்தும்.

குவைத்தின் தெற்கெல்லையைக் காக்ஸ் அந்நொடியில் கற்பித்தார் என்பதும் சரியன்று. 1913 ஜூலை 29 அன்று பிரிட்டனும் உஸ்மானிய அரசும் கையொப்பமிட்டு, போரினால் உறுதிசெய்யப்படாமற்போன உடன்படிக்கையில் குவைத்தைச் சுற்றி இரு கோடுகள் வரையப்பட்டிருந்தன. உட்புறம் சிவப்பு அரைவட்டம். ஷைகின் முழுத் தன்னாட்சிக்குரியது. வெளிப்புறம் பச்சைக் கோடு. அவருடைய செல்வாக்குக்கு உட்பட்ட கோத்திரங்களின் நிலம். உகைர் உடன்படிக்கை குவைத்தைத் தெற்கே அந்தச் சிவப்பு அரைவட்டத்துக்குள் சுருக்கியது. அப்பாலிருந்த பகுதி நஜ்துக்கும் நடுநிலைப் பிரதேசத்துக்குமாகப் பிரிந்தது. எனவே அது ஒருவரின் சினத்தில் பிறந்த கோடன்று. கோப்புகளில் ஒன்பதாண்டுகளாக உறங்கிய கோடு.

மற்றொரு திருத்தமும் தேவைப்படுகிறது. உகைரில் வகுக்கப்பட்டவை நஜ்து - இராக் எல்லையும் நஜ்து - குவைத் எல்லையுமே. இராக் - குவைத் எல்லை அங்கு வகுக்கப்படவில்லை. அது 1923 ஏப்ரலிலும் 1932 இலும் நடந்த கடிதப் பரிமாற்றங்களால் ஏற்கப்பட்டு, 1993 இல் ஐக்கிய நாடுகள் அவையின் குழுவால் நிலத்தில் அளந்து வரையறுக்கப்பட்டது. 1990 படையெடுப்பை உகைரின் பென்சிலோடு நேராக முடிச்சிட்டுப் பேசிய நாம், இரு வேறு எல்லைகளைக் குழப்பிக்கொண்டோம். இப்பிழையை எம் மாணவர்களுக்கும் கற்பித்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமுண்டு. மறைப்பதில் அதனினும் மிகுந்த வெட்கமுண்டு.

இரண்டாம் சாட்சி

உகைரில் இன்னொரு எழுத்தாளரும் இருந்தார். லெபனானின் ஃபுரைக்கா ஊரில் 1876 இல் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்து, அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அமீன் அர்-ரைஹானி அவர். அரபு மன்னர்களைப் பற்றிய அவருடைய 'முலூகுல் அரப்' 1924 இல் வெளிவந்தது. இப்னு ஸுஊதைப் பற்றிய ஆங்கில நூல் 1928 இல் வந்தது. டிக்ஸனின் நூலுக்கு முற்பட்ட சான்றுகள் இவை.

ரைஹானி காட்டும் இப்னு ஸுஊத் வேறொருவர். விருந்தினரை வரவேற்பதில் தாராளமும், பேச்சில் நகைச்சுவையும், கணக்கில் கூர்மையும் உடையவர். ஆங்கிலேயரின் நட்பு தேவை என்பதையும் அதன் விலை என்ன என்பதையும் ஒருசேர அறிந்தவர். ஃபிராங்க் ஹோம்ஸ் என்னும் நியூசிலாந்துக்காரர் அல்-அஹ்ஸாவின் எண்ணெய் உரிமத்துக்காக அப்போது அங்கு வந்திருந்ததையும், அதனை உடனே வழங்காமல் தள்ளிவைக்கும்படி கடிதம் எழுதச் சொல்லிக் காக்ஸ் சுல்தானை வற்புறுத்தியதையும் ரைஹானி பதிவு செய்கிறார். சுல்தான் அப்போதைக்கு இணங்கினார். மறு ஆண்டே, 1923 மே மாதத்தில், உரிமத்தை ஹோம்ஸின் நிறுவனத்துக்கே அளித்தார். ஆணையிட்டால் நாட்டையே தரச் சித்தமாயிருந்ததாகச் சொல்லப்படுபவரின் செயல் இது.

ரைஹானியையும் நாம் ஐயமின்றி ஏற்க வேண்டியதில்லை. அரபு ஒற்றுமையைக் கனவு கண்டவர் அவர். அதற்குரிய தலைவரை இப்னு ஸுஊதிடம் கண்டவர். எனவே அவர் சித்திரத்தில் ஒளி கூடுதல். டிக்ஸனோ குவைத்தின் நண்பர். நடுநிலைப் பிரதேசத்துக்கப்பால் எழுந்த நஜ்தின் வணிகத் தடையால் 1920களிலும் 1930களிலும் குவைத் பட்ட இன்னலை முகவராக இருந்து கண்டவர். எனவே அவர் சித்திரத்தில் இப்னு ஸுஊதின் கண்ணீரும் குவைத்தின் இழப்பும் அருகருகே நிற்கின்றன. இருவரையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போதுதான், அந்தக் கண்ணீரும் பேரத்தின் ஒரு பகுதியாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. டிக்ஸனின் கூற்றுப்படியே பார்த்தாலும், அழுதவர் அண்டை நாட்டின் நிலத்தைப் பெற்றார்; அழுவதற்கும் அங்கு இடமளிக்கப்படாதவர் இழந்தார். காக்ஸ் பின்னர் குவைத்துக்கு வந்து, நிலத்தைத் தராதிருந்தால் இப்னு ஸுஊத் வாளால் எடுத்துக்கொண்டிருப்பார் என்று ஷைகு அஹ்மதிடம் விளக்கியதாகவும் டிக்ஸனே எழுதுகிறார். ஆக, கோட்டை வகுத்தது பென்சில் மட்டுமன்று. ஜஹ்ராவில் சுழன்ற வாளும்தான்.

கதையின் பயன்

இவ்வளவும் சொல்வது காலனிய ஆட்சியின் பொறுப்பைக் குறைப்பதற்காக அன்று. வழக்காளியே நடுவராக அமர்ந்ததும், ஒருவர் நிலத்தை அவரில்லாத அமர்வில் பிறர்க்கு அளித்ததும் அநீதி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் பென்சில் கதை அந்த அநீதியைச் சரியாகக் காட்டுவதில்லை. அக்கதையில் செயல்படுபவர் ஒருவரே, அவர் ஆங்கிலேயர். அரபுகள் வாதாடுகிறார்கள், கடியப்படுகிறார்கள், அழுகிறார்கள். ஏகாதிபத்தியம் தன்னைப் பற்றித் தானே வரைந்துகொண்ட சித்திரம் அது. நாம் அதனைக் கண்டனமாக எண்ணிச் சொல்லும்போதும் அச்சித்திரத்தையே வழிமொழிகிறோம். புகழ் இருந்த இடத்தில் பழியை வைக்கிறோம், அவ்வளவே. கிணறுகளைப் பற்றிய சுல்தானின் நியாயமான வாதமும், தம் அண்டை வீட்டார் நிலத்தை அவர் மறுப்பின்றிப் பெற்றுக்கொண்டமையும் நம் பார்வையிலிருந்து ஒருங்கே மறைந்துவிடுகின்றன.

குவைத் - ஸுஊதி நடுநிலைப் பிரதேசம் எந்நிலையை அடைந்தது என்பதையும் இக்கதையோடு சேர்த்துச் சொல்லவேண்டும். பிரிட்டனின் நல்லெண்ண முயற்சியால் மேலும் ஓர் உடன்பாடு ஏற்படும்வரை இரு அரசுகளும் அங்குச் சம உரிமை பெறும் என்று 1922 இல் எழுதப்பட்டது. அந்த உடன்பாடு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1965 ஜூலை 7 அன்று ஏற்பட்டது. குவைத் அப்போது முழு விடுதலை பெற்ற நாடு. மேசையில் அதன் சார்பில் அமர்ந்தவர்கள் குவைத்தியரே. பிரதேசம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது; அதன் எண்ணெய் வளம் இருவருக்கும் பொதுவாக நீடித்தது. நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு வளத்தைப் பொதுவில் வைக்கும் இம்முடிவு, கிணறு எல்லார்க்கும் பொது என்ற பழைய பாலைவன வழக்கத்துக்கு அருகில் நிற்கிறது. அடுத்த முறை வகுப்பறையில் உகைரைப் பற்றிப் பேசும்போது, 1922 இன் கூடாரத்தோடு நிறுத்தாமல் 1965 இன் மேசைவரை மாணவர்களை அழைத்துச் செல்வோம்.